சிட்டா நூலுக்குத் தனி லேபிள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். சுற்றறிக்கை எழுதுவது என் வேலை. அதை எல்லாரும் படிக்கிறார்கள் என்று நம்புவதும் அதில் அடக்கம். முதலில் பொது விதி, பிறகு அது பொருந்தும் இடங்கள், கடைசியில் விதிவிலக்குகள். கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்புக்கு வந்ததும், புரோகிராம்களும் இதே வரிசையில் இருக்க வேண்டும் என்று எழுதி அறைக் கதவில் ஒட்டினேன்.

புரோகிராம் எழுதியவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். இது நடந்த அன்றோடு அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை முடிகிறது. நூல் மூட்டைகளுக்கு லேபிள் அடிக்கும் புரோகிராமை நாலு மணிக்கு முதலாளியிடம் ஓட்டிக் காட்டினால் நிரந்தரம். இல்லையென்றால் மறுநாள் வரவேண்டியதில்லை.

எல்லா நூலுக்கும் பொதுவாக சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் ஒரு டெம்ப்ளேட் எழுதியிருந்தாள். எந்த நூலின் பெயரைக் கொடுத்தாலும், புரோகிராமை வாசித்து மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் அந்த மாதிரியை வைத்து அதற்கான லேபிளைச் செய்துகொள்ளும். கைத்தறிக்குச் சுருளாகப் போகும் சிட்டா நூலுக்கு மட்டும் லேபிள் வேறு. அதற்கான தனிப் பகுதியை அன்று மதியம்தான் கடைசியில் சேர்த்தாள். மூன்று மணிக்குக் கம்பைலர் அதை ஏற்க மறுத்தது. நான் பின்னால் நின்று அடைப்புக்குறிகளை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தன.

பிழைச் செய்தியை இரண்டு முறை படித்துவிட்டு அவள் சொன்னாள்: "சார், இது மேலருந்து வாசிச்சிட்டு வருது. நடுவுல சிட்டா பேரைப் பாத்ததும் பொது மாதிரியில செஞ்சு முடிச்சிருது. பொறவு கடைசில போயி இது தனின்னு சொன்னா ஏத்துக்கிட மாட்டேங்கு."

"அப்ப மேல தூக்கி வையேன்ம்மா."

"மொத மாசம் வேற ஒண்ண அப்படி மேல வச்சதுக்குத்தான மெமோ குடுத்திய?"

கொடுத்திருந்தேன். அது அவள் கோப்பில் இருந்தது. நாலு மணிக்கு அந்தக் கோப்பும் முதலாளி மேசைக்குப் போகும். கோப்பில் ஏறிய மெமோவைக் கிழிக்க விதியில் இடமில்லை, அதன் கீழே குறிப்பு எழுதலாம். கதவிலிருந்த தாளைக் கிழித்தேன். அவள் அந்தப் பகுதியைப் பொது விதிக்குக் கீழே, முதல் பயன்பாட்டுக்கு மேலே நகர்த்தினாள். கம்பைலர் இந்த முறை குறை சொல்ல வாயைத் திறக்கவில்லை. நான் மெமோவின் கீழே எழுதினேன்: 'ஊழியர் செய்தது சரி. ஆணை தவறு.' கையெழுத்துப் போடத்தான் கொஞ்சம் நேரமானது.

முதலாளி பொது லேபிள், சிட்டா லேபிள் இரண்டையும் பார்த்தார். கோப்பைப் புரட்டியவர் என் குறிப்பில் நின்று, என்னை ஒருமுறை ஏறிட்டுவிட்டுக் கடைசித் தாளில் கையெழுத்திட்டார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"நாளைக்கு வாரேன் சார்."