மொட்டைமாடி வழியாக வந்த உத்தரம்

அல்சூரில் நாங்கள் பிறந்து வளர்ந்த ஓட்டு வீட்டை இடித்துக் கட்டப்போவதாக அண்ணன் சொன்னபோது, கூரை மரமும் ஓடும் எனக்கு வேண்டும் என்று கேட்டேன்.

"பழைய மரம்மா அது. இடிக்கிறவனே எடுத்துக்குவான். அத வெச்சி நீ என்னா பண்ணப் போற?"

"ரூம் கட்டப் போறேண்ணா."

அண்ணன் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, கவலைப்பட்டார். நீலசந்திராவில் எங்களுக்கு இருந்தது ஓர் அறையும் அதன்மேல் மொட்டைமாடியும்தான். சமையல், படுக்கை, என் தையல் மெஷின் எல்லாம் அந்த அறைக்குள்ளேயே. அளவு கொடுக்கப் பெண்கள் வந்தால் அவர் எழுந்துபோய்ச் சந்தில் நிற்பார். யாருடையதோ ஒரு கல்யாண ரவிக்கையில் சாம்பார் தெறித்த அன்றே, மாடியில் தையலுக்கென்று ஓர் அறை கட்டியே தீருவது என்று முடிவு செய்திருந்தேன்.

வீடு இடிபட்ட நாளெல்லாம் தெருவில் நின்றேன். "கயிறு கட்டி எறக்குங்கப்பா, கீழ போடாதீங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. கரி படிந்த சட்டங்களைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே தேக்கு பொன்னாக இருந்தது.

அறுக்க எடுத்துப்போன மில்லில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஆகல்லம்மா. உள்ள ஆணி இருக்கு, பிளேடு போயிடும்." வீட்டுக்குக் கொண்டுவந்து, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒவ்வொரு சட்டத்தின்மேலும் தேய்த்தேன். ஒட்டிய இடத்திலெல்லாம் ஆணி இருந்தது. தைத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் பிடுங்கினேன். உள்ளங்கை கொப்பளித்து, ஊசி பிடிக்க முடியாமல் போயிற்று. துணி சுற்றிக்கொண்டு மறுபடி பிடுங்கினேன். அடுத்த முறை மில்லில் மறுபேச்சு இல்லாமல் அறுத்துக் கொடுத்தார்கள்.

கடைசியாக வந்தது கூரையைத் தாங்கும் உத்தரம். லாரி பெரிய தெருவிலேயே நின்றுவிட்டது. ஆட்கள் தோளில் தூக்கி வந்தார்கள். எங்கள் சந்தின் திருப்பத்தில் உத்தரம் திரும்பவே இல்லை.

"ரெண்டா அறுத்துடலாம்க்கா, மேல போயி ஜாயின்ட் போட்டுக்கலாம்" என்றார் தச்சர்.

"ஓட்டு பாரத்த அந்த ஜாயின்ட் தாங்குமா?"

"நடுவுல ஒரு தூண் குடுக்கணும்."

"இருக்கறதே துக்குணூண்டு ரூம். நடுவுல தூண நட்டா துணி வெட்ற டேபிள எங்க போடறது? அறுக்காதீங்க."

அண்ணாந்து பார்த்தேன். பெரிய தெரு முனையிலிருந்து எங்கள் வீடு வரை மாடிகள் ஒட்டி ஒட்டியே நின்றன. முனை வீட்டு அக்காவை நாங்கள் ஆபா என்றுதான் கூப்பிடுவோம்; அவரிடம் ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டு, "ஏம்மா, என் வீட்டு மேல ரயிலு ஓட்டப் போறியா?" என்றார். சொல்லிக்கொண்டே கொடியிலிருந்த துணிகளை எடுக்கத் தொடங்கினார்.

கயிறு போட்டு உத்தரத்தை ஆபா வீட்டு மாடிக்கு ஏற்றினார்கள். கைப்பிடிச் சுவர்களில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் நகர்த்தினோம். என் வீட்டுக்காரரும் தோள் கொடுத்தார். ஆபா வீட்டு மாடியைத் தாண்டும்போதே பின்முனை வழுக்கி, அங்கிருந்த தண்ணீர் டேங்க் குழாயில் இடித்தது. குழாய் முறிந்து தண்ணீர் மாடிப்படி வழியாக ஆபாவின் வீட்டுக்குள் கொட்டியது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"மரத்த புடிச்சிக்கினு ஏன் நிக்கிறீங்க? போங்க, போங்க! தண்ணிய நான் பாத்துக்கிறேன்" என்று ஆபா அதட்டினார்.

முழு உத்தரமும் எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கே பிளம்பரைக் கூட்டிவந்து குழாயைச் சரிசெய்துவிட்டு, நானே ஆபாவின் வீட்டைத் துடைத்துக் கொடுத்தேன்.

மழைக்கு முன்னால் சுவர் எழுப்பி, உத்தரம் ஏற்றி, ஓடு வேய்ந்துவிட்டோம். முதல் மழைக்கு ஒரு மூலை ஒழுகியது. மெஷினைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கையில் இருந்த ரவிக்கையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.