ரெகுலேட்டரில் அரைச் சுற்று

அந்த லாரியின் பின்பக்கம் ஓர் அறை. பலகைச் சுவர், இரண்டு படுக்கைகள், வரைபடம் போட ஒரு மேசை, ஒரு சின்ன மின்விசிறி, ஒரு விளக்கு. கடல் கரையை எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளந்து எழுதுவது எழுபதுகளில் என் வேலை. மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் வரை எங்கே வேலை முடிகிறதோ அங்கேயே தங்கிக்கொள்ளும்படி அலுவலகம் அந்த வண்டியைக் கொடுத்திருந்தது.

அந்த டிசம்பரில் மகளையும் கூட்டிப்போனேன். எட்டு வயது, இளைப்பு உள்ள குழந்தை. பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை. அவள் அம்மா வேலூரில் தன் தாயாரின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்தாள். தனியாக விட முடியாது, கடல் காற்று நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிரச்சினை மின்விசிறியில் தொடங்கியது. படுக்கைக்கு அடியில் ஒரு மரப்பெட்டியில் இரண்டு பேட்டரிகள் இருந்தன. லாரி ஓடும்போது முன்னாலிருக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு தடித்த ஒயர் வழியாக அவற்றுக்குச் சார்ஜ் ஏறும். ஆனால் எங்கள் லாரி ஒரு நாளில் ஏழெட்டு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். மழைக்காக ஜன்னல்களை அடைத்துவிட்டுப் படுப்போம். விடிவதற்குள் விசிறி நின்றுவிடும். நின்ற கொஞ்ச நேரத்தில் மகள் எழுந்து உட்கார்ந்து தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவாள். நான் அட்டையால் விசிறுவேன்.

செங்கல்பட்டில் ஒரு லாரி எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோய், சார்ஜ் இன்னும் வேகமாக ஏற வேண்டும் என்றேன். அவன், சார்ஜ் ஏறும் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங், அதை இறுக்க ஒரு திருகு. கால் சுற்று திருகினான்.

"இன்னும் கொஞ்சம் வையேன்பா," என்றேன்.

"இன்னா சார், அடுப்புனு நென்ச்சிகினியா, தீய ஏத்தறதுக்கு? இதுக்கு மேல போனா பேட்ரி கொதிக்கும். வாணாம்."

அதற்கடுத்த இரண்டு இரவுகளில் விசிறி முன்பைவிடக் கூடுதல் நேரம் ஓடியது. ஆனாலும் விடியும்வரை ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில், டிரைவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில், நானே அந்த மூடியைக் கழற்றி அரைச் சுற்று திருகினேன். பேட்டரிகளில் தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்த்து அதையும் விளிம்புவரை ஊற்றினேன். குறைவாக இருந்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு எல்லாவற்றிலும் உண்டு.

டிரைவர் செய்யூர்ப் பக்கத்துக்காரன், என் வயதுதான் இருக்கும். அன்று முழுவதும் அவனுக்கு ஒரே குஷி. "ஆரன் கேட்டியா சார்? மகாபலிபுரத்துல கீற கல்லு யான கூட வயி உட்டுடும் போல கீது!" நான் திருகியதில் மின்சாரம் கூடியதால்தான் ஹாரன் அப்படிக் கூவுகிறது என்று எனக்குத் தெரியும். சும்மா சிரித்தேன்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. வேலையை நிறுத்திவிட்டுச் செங்கல்பட்டுக்குத் திரும்பினோம். எப்போதும் நான் முன்னால்தான் உட்காருவேன். அன்று மகள் தூங்கிக்கொண்டிருந்ததால் அவளோடு பின்னால் ஏறினேன். வரைபடங்கள் நனையாமலிருக்க வண்டியைச் சுற்றித் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கியிருந்தது. பள்ளத்தில் குலுங்கினால் பின்கதவு திறந்துகொள்ளும் என்பதால், கிளம்புமுன் டிரைவர் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுவது வழக்கம். நிறுத்த வேண்டுமென்றால் நான் உள்ளே ஒரு பொத்தானை அழுத்தவேண்டும், அவன் காதருகே மணி அடிக்கும்.

திருக்கழுக்குன்றம் தாண்டியிருப்போம். சாலை நன்றாக இருந்ததால் லாரி வேகமெடுத்தது. முதலில் அழுகிய முட்டைபோல ஒரு நாற்றம். பிறகு தொண்டையைக் கீறும் ஒரு காரம். மகள் இருமிக்கொண்டே எழுந்தாள். பெட்டியைத் திறந்தேன். இரண்டு பேட்டரிகளும் மூடிகளின் வழியே நுரைத்துக் கொதித்துக்கொண்டிருந்தன. ஆசிட் வழிந்து பலகை கறுத்திருந்தது.

மணியைத்தான் முதலில் அடித்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ சார்ஜை நிறுத்த வேண்டும் என்பதுதான். ஸ்பானரை எடுத்துப் பேட்டரி முனையிலிருந்த நட்டைக் கழற்றி ஒயரைப் பிடுங்கினேன். நீலமாக ஒரு பொறி வெடித்தது. விளக்கு அணைந்தது. விளக்கு, விசிறி, மணி எல்லாவற்றின் ஒயர்களும் அந்த ஒரே நட்டின் கீழ்தான் இருந்தன. எல்லாம் சேர்ந்து கழன்றுவிட்டன. பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். எந்த ஒயர் மணிக்குரியது என்று தேட, அந்தப் பொறியைப் பார்த்தபின் எனக்குத் துணிவில்லை.

"அப்பா, கதவத் திற," என்றாள்.

"இதோம்மா."

கதவை உதைத்தேன். முன்பக்கப் பலகையைக் குத்தினேன். கூரையில் மழை, அடியில் என்ஜின். எங்கள் சாமான்கள் எப்போதும் உருண்டு இடித்துக்கொண்டுதான் வரும், டிரைவர் எதைக் கண்டான். மகளின் மூச்சு சீழ்க்கைபோல இழுக்கத் தொடங்கியது. பிறகு அந்தச் சத்தமும் சிறுத்துக்கொண்டே வந்தது. அதுதான் மோசம் என்று எனக்குத் தெரியும்.

இருட்டில் மேசையைத் தடவி, பென்சில் சீவும் பிளேடை எடுத்தேன். ஜன்னல் பலகையை உள்ளே இழுத்துத் தள்ளிவிட்டுத் தார்ப்பாயை அறுத்தேன். நனைந்த தார்ப்பாய் லேசில் அறுபடவில்லை, என் விரல்தான் அறுபட்டது. ஒரு கை நுழையுமளவு கிழிந்ததும் அவளைத் தூக்கி முகத்தை அதில் அழுத்தினேன். "இழு, நல்லா இழு," என்று கத்தினேன். அவள் கையை வெளியே நீட்டினாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. எங்கள் டிரைவர் அதற்கு வழிவிட்டு ஒதுங்கினான். பஸ் பக்கத்தில் வந்ததும் கண்டக்டரின் குரல்.

"யோவ் லாரி! கொயந்த கை நீட்டிகினு கீது, உள்ள இன்னாய்யா வெச்சிகினு போற? நிறுத்துய்யா!"

தாழ்ப்பாள் விலகிக் கதவு திறந்தபோது, டிரைவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளை வாங்கி, மழையில் தன் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு முன்சீட்டுக்கு ஓடினான்.

செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அரைமணியில் இளைப்பு கொஞ்சம் தணிந்தது. நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் எதிரே நின்று அழுதுகொண்டிருந்தான்.

"நாந்தானே சார் தாப்பா போட்டேன். என் கையாலதானே." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த எலட்ரீசியன் பயல உட மாட்டேன். ஸ்பிரிங்க அவன்தானே இறுக்குனான். போயி நாலு அப்பு அப்பிட்டு வரேன்," என்று கிளம்பினான்.

படியிறங்கிவிட்டான். நான் சொல்லாமலிருந்தால் போயிருப்பான். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"அவன் இல்லப்பா," என்றேன். "அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் திருகினேன்."

"எப்போ?"

"நேத்து காலைல. நீ குளிக்கப் போனப்போ."

அவன் திரும்பி வந்து என் முன்னால் நின்றான். "தண்ணி?"

"அதுவும் நான்தான் ஊத்தினேன்."

"ஒயரு?"

பிடுங்கியதைச் சொன்னேன், பொறியையும் சொன்னேன்.

"கொதிக்கிற பேட்ரில பொறியா? வெடிச்சி செதறி இருக்கும் சார், ரெண்டு பேரும். அது தெரியுமா உனக்கு?"

தெரியாது. அந்த நிமிடம்தான் தெரிந்துகொண்டேன்.

"எங்கைல ஒரு வார்த்த சொல்லிட்டுத் திருகறதுக்கு இன்னா சார்?" என்றான்.

அவன் வெளியே போய் இரண்டு டம்ளரில் டீ வாங்கிவந்தான். என்னுடையதைக் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்தான். தன்னுடையதை எடுத்துக்கொண்டு, மகள் படுத்திருந்த வார்டின் வாசலில் போய் நின்றான். உள்ளே போக வேண்டுமானால் அவனைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். டீ ஆறும்வரை நான் எழுந்திருக்கவில்லை.