கப்பலேறிப் போனவனின் சாட்சி

ஒரு டேனிஷ்காரருக்கும் ஒரு அமெரிக்கருக்கும் நடுவில் யாழ்ப்பாணத்துப் பொம்பிளை ஒருத்தி குந்தியிருந்து மொழிபெயர்ப்பாள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். டென்மார்க்கில் ஹேர்னிங் பட்டணத்திலிருந்து காரில் கொஞ்சத் தூரம் போனால் வரும் சின்னக் கிராமத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பண்ணை. அங்கே எண்பதை நெருங்கும் ஒரு மனிதர் தனியாக இருக்கிறார். கலியாணம் கட்டவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஆங்கிலம் துப்புரவாகத் தெரியாது. ஒரு நாள் கையில் ஒரு கடிதத்தோடு வந்து கதவைத் தட்டினார்.

"நீ இங்கிலிஷ் படிச்சனிதானே. இது என்னெண்டு சொல்லு."

அவர் பேசுவது டேனிஷ்தான். அந்த மொழியில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ஒரே சொல் என்பதால் அவர் என்னை 'நீ' என்பதாகவே என் காதில் விழும். நான் அவரோடு கதைப்பது மட்டும் என் மண்டைக்குள் 'நீங்கள்' ஆகிவிடும்.

கடிதம் எழுதியவர் அமெரிக்காவில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குடும்பத்தின் முதல் மனிதர், முந்நூறு வருஷங்களுக்கும் முன்பு, ஒல்லாந்துக் கப்பல் ஒன்றில் வேலையாளாகப் போய், இன்றைக்கு நியூயோர்க் இருக்கிற பக்கத்தில் இறங்கி, காடு வெட்டிக் காணி பிடித்தவராம். அந்தக் காணிக்கு முதலே ஆட்கள் இருந்திருப்பார்களே, அவர்கள் எங்கே போனார்கள் என்பதைக் கடிதம் சொல்லவில்லை. அங்குள்ள தேவாலயத்தின் கலியாணப் பதிவில் அவர் பிறந்த இடமாக நாங்கள் இப்போது இருக்கிற இந்தக் கிராமம் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை அதே நிலத்தில் இருக்கிற குடும்பம் ஒன்றே ஒன்று. அதில் மிஞ்சியிருக்கிற ஒரே ஆண் என் பக்கத்து வீட்டுக்காரர்.

வாசித்து முடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. அவரோ, "மோசமில்லை" என்றார். இந்த மேற்கு யூட்லாண்டுப் பக்கத்து மனிதர் அதற்கு மேல் ஒன்றையும் புகழ மாட்டார்.

எங்கள் சனத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊர்?", அடுத்த கேள்வி "ஆற்ற மகன்?", யாருடைய பிள்ளை என்று. தேத்தண்ணி ஆறுவதற்குள் எங்கேயாவது ஒரு சொந்தம் பிடித்துவிடுவோம். இந்த அமெரிக்கர் அதே கேள்வியை முந்நூறு வருஷம் பின்னுக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியொரு ஆளை நான் கைவிடுவேனா? வேலை முடிந்து வந்ததும் கணினிக்கு முன்னால் இருந்துவிடுவேன். என் மனிசன் சமையலறையிலிருந்து, "உமக்கு ஊர்ப் புதினம் இல்லாட்டிச் சோறு செமிக்காது" என்பார். அவர் சொல்வதிலும் பிழையில்லை.

இந்த நாட்டில் பாதிரிமார் எழுதிவைத்திருக்கிற பதிவேடுகளைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். பிறந்தது, ஞானஸ்நானம், கலியாணம், சாவு எல்லாம் இருக்கும். ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண் யார் என்பதுகூட இருக்கும். அந்தக் கோழிக்கிறுக்கல் எழுத்து எனக்குப் பிடிபடாது. அமெரிக்கர் ஆளைப் பிடித்து வாசிப்பித்து அனுப்புவார். அந்த நாளில் இவர்களும் எங்களைப் போலத் தகப்பன் பெயரைத்தான் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். படியேறுவதுபோல மகன், தகப்பன், அவருடைய தகப்பன் என்று மேலே மேலே போகலாம். எனக்கு என் பூட்டனுக்கு அப்பால் ஒருவரையும் தெரியாது. பூட்டன் பெயரும் எனக்குச் சரியாகத் தெரியுமோ என்று அப்போதுதான் யோசித்தேன்.

ஆனால் ஓரிடத்தில் படி முறிந்து கிடந்தது. பாதிரியார் வீடு எரிந்தபோது ஊரின் ஆகப் பழைய பதிவேடும் சேர்ந்து எரிந்துவிட்டது. இந்தப் பக்கத்துக் குடும்பம் தெரிகிறது, அந்தப் பக்கத்து மனிதனும் தெரிகிறான், இரண்டையும் முடிச்சுப்போடக் கடதாசி இல்லை. இனி இரத்தம்தான் பேச வேண்டும் என்று அமெரிக்கர் எழுதினார். தகப்பனிடமிருந்து மகனுக்கு, ஆண்களுக்கு மட்டும் கைமாறுகிற ஒரு பகுதி மரபணுவில் இருக்கிறதாம். எத்தனை தலைமுறை போனாலும் அது பெரிதாக மாறாதாம். அமெரிக்கர் தன்னுடையதை ஏற்கெனவே கொடுத்துவிட்டார். என் அயலவர் ஒரு குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தைத் துடைத்து அனுப்பினால் போதும்.

குச்சி வந்தது. அவர் அதைப் பெட்டியோடு குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தார். அது அங்கேயே இருந்தது. நான் போகும்போதெல்லாம் கேட்பேன். "நாளைக்குப் பார்ப்பம்" என்பார். அங்கே அமெரிக்கர் ஒவ்வொரு கிழமையும் மெயில் போடுகிறார். எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஊசி கூட இல்லை. குச்சிக்கு என்னத்துக்குப் பயப்படுறீங்கள்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"நான் பிறக்க முந்தின வருஷம் அறுவடைக்கு சுவீடன் பக்கத்திலயிருந்து ஒரு வேலையாள் வந்து நிண்டவன். பிறகு போயிட்டான். நான் அவனைப் போல எண்டு ஊரில கதைச்சவை. அப்பா ஒண்டும் கதைக்கேல்லை. ஆனா ஒரு நாளும் என்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அம்மாவோடயும் அவர் அதுக்குப் பிறகு கதைச்சது குறைவு."

"அம்மாட்டை நீங்கள் கேக்கேல்லையோ?"

"அதை எப்பிடிக் கேக்கிறது?"

ஊர்வாய் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில்தான் அது இருக்கிறது, இந்த அமைதியான சனத்திடம் இல்லை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒரு பெண்ணைப் பற்றி யாரோ வேலியடியில் சொன்ன ஒரு சொல், எண்பது வருஷமாக இந்த வீட்டுக்குள் குடியிருந்திருக்கிறது. எனக்குச் சரியான கோபம் வந்தது.

"விடுங்கோ," என்றேன். "உது வேண்டாம். நான் அமெரிக்கருக்கு எழுதிவிடுறன்."

அவர் விடவில்லை. அது எப்படி வேலை செய்யும் என்று துருவித் துருவிக் கேட்டார். நான் தெரிந்தவரை சொன்னேன். இரண்டும் பொருந்தினால், மேலே ஏறுகிற அத்தனை படியும் உண்மை, அமெரிக்காவுக்குப் போனவனிலிருந்து உங்கள் அப்பாவரைக்கும், உங்கள்வரைக்கும். பொருந்தாவிட்டால் ஒன்றும் தெரியவராது. பத்துப் பன்னிரண்டு தலைமுறையில் எங்கே பிசகியது, இங்கேயா அங்கேயா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காக உங்கள் அம்மாவைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"சரி," என்றார். "ஆனா பொருந்தாட்டி நான் என்ன நினைப்பன் எண்டு எனக்குத் தெரியும்."

பிறகு எழுந்து பெட்டியை எடுத்து வந்தார். வாயைத் திறந்து, பல்லுக் கழற்றப் போன பிள்ளைபோல இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு, குச்சியால் துடைத்தார். நான்தான் உறையை ஒட்டினேன்.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவே கூச்சப்பட்டேன். அவரிடம் மெயில் இல்லாததால் முடிவு என்னுடைய முகவரிக்குத்தான் வரும். கோயிலுக்குப் போனபோது வேற்று நாட்டுக்காரர் ஒருவருடைய தாய்க்காக அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியாது என்றேன், பரவாயில்லை என்று ஐயர் சொன்னார்.

முடிவு வந்த அன்று நான் வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. விளங்காத எண்கள் நிறைய இருந்தன. அவற்றுக்குக் கீழே, இந்த இருவரும் ஒரே தகப்பன்வழியைச் சேர்ந்தவர்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் மனிசனைக் கூப்பிட்டு அவரையும் வாசிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஓம், அப்பிடித்தான் கிடக்கு. ஓடும், ஓடிப்போய்ச் சொல்லும்" என்றார்.

வேலியோரமாகப் போகும்போது எனக்கு அழுகையும் வந்தது, ஒரு பெரிய வியப்பும் வந்தது. யாரோ ஒருவன் முந்நூறு வருஷங்களுக்கு முன்பு இந்த மண்ணைவிட்டுக் கப்பலேறுகிறான். திரும்பி வரவேயில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் அவன் பிள்ளைகளும் பிள்ளைகளின் பிள்ளைகளும் சண்டையிலும் நோயிலும் தப்பிப் பிழைக்கிறார்கள். அவன் உடம்பிலிருந்த ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கைமாறிக் கைமாறி வந்து, அவன் நினைத்தும் பார்த்திராத ஒரு பெண்ணுக்காகச் சாட்சி சொல்கிறது. ஊரில் ஒருவரும் அவளுக்காக வாய் திறக்காத இடத்தில் அவன் திறந்தான். நான் கடவுளை நம்புகிறவள்தான். இருந்தாலும் அன்றைக்கு மாதிரி ஒரு நாளும் கைகூப்ப வேண்டும்போல இருந்ததில்லை.

அவரிடம் சொன்னேன். அவர் அடுப்படியில் நின்று தண்ணீர்க் குழாயைத் திறந்தார், மூடினார். அன்று மாலையே அமெரிக்கர் வீடியோவில் வந்தார். மேசையைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள், கேக், கைதட்டல். வாத்தியார் அழுதுகொண்டே, "நீங்கள் எங்கள் இரத்தம்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர்களுக்குத் தங்கள் ஊர் கிடைத்த சந்தோசம். இங்கே நடந்தது ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. என் அயலவர் தலையை ஆட்டிவிட்டு நன்றி என்றார். திரை அணைந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அப்பா சாகும்வரைக்கும் பிழையாத்தான் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறார்."

அடுத்த சனிக்கிழமை அவரை என் காரில் மேற்கே கூட்டிக்கொண்டு போனேன். தகப்பன் தன் பக்கத்தில் இடம் கொடுக்க மறுத்ததால், தாயை அவள் பிறந்த ஊரில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். வழியில் அதைச் சொன்னார். இன்னொன்றையும் சொன்னார். இந்த நாட்டில் கல்லறை இடம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். தவணை முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்து நிலத்தை மட்டமாக்கிவிடுவார்கள். தாயின் தவணை முடிந்து தேவாலயத்தார் மகனைக் கேட்டபோது, புதுப்பிக்க வேண்டாம் என்று இவரே சொல்லியிருக்கிறார்.

நாங்கள் போனபோது அங்கே புல்வெளிதான் இருந்தது. நல்ல காற்று. இங்கே இருக்கலாம், இல்லை, அந்த மதில் பக்கமாக இருக்கலாம் என்று அவர் கொஞ்ச நேரம் நடந்து பார்த்தார். பிறகு நடுவில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா," என்றார், "நான் அவற்ர மகன்தான். அப்பா பிழை விட்டிட்டார். நானும் பிழை விட்டிட்டன்."

அவள் எந்த இடத்தில் கிடக்கிறாள் என்று தெரியாததால், எல்லா இடத்துக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.