பாடை திரும்பும் இடம்

பாடையை எங்கள் காம்பவுண்டு தொடங்கும் இடத்தில் இறக்கி, தலைமாடு கால்மாடு மாறும்படி திருப்பித் தூக்கினார்கள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் சட்டென்று உறைத்தது: எதிர் மனையில் வேலிகாத்தான் புதருக்குள் ஓடும் முழங்கால் உயர மண்மேடு, சரியாக இந்த இடத்தில்தான் ரோட்டுக்கடியில் மறைகிறது.

எண்பதுகளின் கடைசி. பீர்க்கன்கரணையில் நாங்கள் வீடு கட்டி வந்த புதிது. ஊரில் யார் செத்தாலும், போனவர் வந்த வழியை மறக்கட்டும் என்று பாடை இங்கேதான் திரும்பும். அன்று அப்பா பொறுக்காமல், எங்களுக்கு மனை விற்ற ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டார்.

"கொஞ்சம் தள்ளிப் போய்த் திருப்பக் கூடாதா?"

"தள்ளிப் போனா அந்தாண்ட ஆயிடும் சார். இங்க வரைக்குந்தான் நம்ம பக்கம்."

"அந்தாண்டதான் சார் எங்க வீடே இருக்கு! வித்தது நீங்கதானே?"

"இன்னா சார் பேஜார் பண்றீங்க? பத்திரத்துல நாலு எல்லையும் கரெக்டா எழுதிக் குட்த்தேனா இல்லியா?"

ஊர்க்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டார்.

நான் மேட்டின் மேல் ஏறி நடந்தேன். அது பக்கத்துக் குன்றிலிருந்து ஏரியை நோக்கி நேராக இறங்கியது. ஏரிக்கரை என்றால் தண்ணீரை மறிக்க வேண்டும். இது சரிவோடு சரிவாக ஓடுகிறது, ஒரு சொட்டைக்கூட மறிக்காது. வரப்புக்கு இவ்வளவு அகலம் எதற்கு? பிரிப்பதற்காகவே போட்டது. எதை எதிலிருந்து? ஊர்ப்பக்கம் கீறிய இடமெல்லாம் பானை ஓடுகளும் சாம்பலும். எங்கள் பக்கம், புதருக்குள் வட்டம் வட்டமாகக் கற்கள் மட்டும். ஆதிகாலத்துப் புதைகுழிகள் அப்படித்தான் இருக்கும் என்று பள்ளி நூலகத்தில் படித்திருந்தேன். இருப்பவர்களுக்கு ஒரு பக்கம், போனவர்களுக்கு ஒரு பக்கம். யாரோ மண்ணை வாரிப் போட்டுப் பிரித்திருக்கிறார்கள்.

ஓடிவந்து எங்கள் கொல்லைக் கதவைத் திறந்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். மனை வாங்கியபோதே அங்கே கற்கள் வட்டமாகக் கிடந்தன. அழகாக இருக்கிறதே என்று அம்மா அப்படியே விட்டு, நடுவில் கனகாம்பரம் வைத்திருந்தாள். கோடையிலும் அந்தச் செடி மட்டும் தளதளவென்று நிற்கும்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" அம்மா வட்டத்துக்குள் நின்று பூப்பறித்துக்கொண்டிருந்தாள். "இருக்கறதெல்லாம் பறிச்சுடறேன். நாளன்னிக்கு இங்கதான் கிணறு தோண்டறாங்க. மண்ணு இங்க மட்டும் இளக்கமா இருக்காம், ஈசியாம்."

ஒருமுறை தோண்டி மூடிய மண் இளக்கமாகத்தான் இருக்கும். அவள் பூவைத் தொடுத்துத் தலையில் வைத்துக்கொள்வதைப் பார்க்க முடியவில்லை.

அப்பா வரைபட ஆபீசில் வேலை பார்ப்பவர். பேய் என்று சொன்னால் சிரிப்பார். கோடு போட்டுக் காட்டினால் குனிந்து பார்ப்பார். மறுநாள் அவருக்கு லீவு. துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். விடிந்ததும் மேட்டின் முதுகிலிருந்து ரோட்டைத் தாண்டி, காம்பவுண்டு தொடங்கும் இடத்திலிருக்கும் எங்கள் கேட் வரை அதை இழுத்துக் கட்ட வேண்டும். அப்பாவை மாடிக்கு அழைத்துப்போய், கொல்லை முழுக்கக் கோட்டுக்கு அந்தாண்ட கிடப்பதைக் காட்டி, கிணற்றைக் கோட்டை ஒட்டிய கேட்டோரம் மாற்ற வைக்க வேண்டும்.