சாம்பலக்காவின் கை

வனத்துறைத் தாள்களில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. காட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாம்பலக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பேரை வைத்தவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். பதிலுக்கு அவள் அவனுக்குச் சொட்டு என்று வைத்தாள். டாங்கித் தண்ணீரை அப்பன் வீட்டுச் சொத்து மாதிரிப் பார்த்துப் பார்த்து விடுகிறவன் அவன். இரண்டு பெயர்களும் நிலைத்துவிட்டன.

அவள் பார்த்த வேலையைப் புதிதாகக் கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அந்தக் காட்டில் தீ வைப்பதும் ஒரு வேலை. கோடை வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போனது. மழை வரவேண்டிய நாட்களில் வெறும் காற்று வந்தது. அப்படி ஒரு கோடையில் மலையின் ஒரு பக்கம் முழுக்க எரிந்துபோன பிறகு வேலைமுறையே மாறியது. நெருக்கியடித்து நின்ற மரங்களில் சிலவற்றை வெட்டி இடைவெளி விட்டார்கள். வறட்சி தாங்கும் நாலைந்து வகைக் கன்றுகளைக் கலந்து நட்டார்கள். குளிர்மாதங்களில், மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, காட்டை பிளாக் பிளாக்காகப் பிரித்துச் சருகையும் புதரையும் தாங்களே கொளுத்தினார்கள். பெரிய வெயிலில் தீ வந்தால் அதற்குத் தின்ன ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது.

கொளுத்துவது பத்துப் பேர் வேலை. அணைந்துவிட்டது என்று சொல்வது ஒரே ஆளின் வேலை. மேலே சாம்பல் வெள்ளையாக ஆறிக் கிடக்கும். அடியில் காய்ந்த வேரைப் பிடித்துக்கொண்டு நெருப்பு நாள்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். புகைகூடக் காட்டாது. அதனால் ஒவ்வொரு அடிக்கட்டையாகப் போய், கையுறையைக் கழற்றி, சாம்பலை விலக்கி, மண்ணில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போனது, ஏமாற்றிவிடும். புறங்கை ஏமாற்றாது. சூடு பார்க்கும் கேமரா ஒன்று ஆபீஸில் இருந்தது. அதைவிட அவள் கையைத்தான் எல்லோரும் நம்பினார்கள். "அக்கா கை வச்சாச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். ஆச்சு என்றால் அடுத்த நிமிஷம் சாப்பாட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அதற்கு முன்னால் பதினொரு வருஷம் புதர் வெட்டும் மெஷினைப் பிடித்தவள். மெஷினை அணைத்த பிறகும் கை ஆடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதித் தண்ணீர் மடியில் கிடக்கும். "உன் மெஷின் இன்னும் ஓடுதுக்கா, ஆஃப் பண்ணு" என்று தங்கை கிண்டல் செய்வாள். கை ஆடுகிறது என்று மெஷினை வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு மாற்றினார்கள். பிறகு ஒரு வருஷத்தில் ஆட்டம் தானாக நின்றது. நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டாள்.

தங்கை தையல்காரி. வீட்டின் முன்னறையில் வெட்டு மேசை, அதன் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மேசையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"என்னமோ தீயுது. துணியைப் பாருடி."

தங்கை திரும்பிப் பார்த்தாள். "துணி இல்லக்கா! உன் கை!"

புறங்கை இஸ்திரிப் பெட்டியை ஒட்டிக் கிடந்தது. அக்கா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மெஷினின் அதிர்வில் நரம்பு போய்விட்டது, இரண்டு கையிலும்தான், இனி திரும்பாது என்றார் டாக்டர். வருகிற வழியில் தங்கை சொன்னாள்: "ஆபீஸ்ல சொல்லிடு."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னா சொல்றேன்டி."

சொல்லவில்லை. மெஷின் பிடிக்க முடியாதவளுக்குக் கிடைத்த வேலை இது. இதுவும் இல்லை என்றால் காட்டுக்குள் அவளுக்கு என்ன இருக்கிறது? கையை வைப்பாள், கண்ணாலும் மூக்காலும் வேலையை முடிப்பாள். "அந்த வேலைக்கு ஒரு நாயைப் போட்டிருக்கலாம், மோப்பமாவது ஒழுங்கா பிடிக்கும்" என்றாள் தங்கை ஒருநாள். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. கொஞ்ச நாளாக எதுவும் சரியாக வருவதில்லை.

பதினேழாம் பிளாக்கின் எல்லையில் பெரிய அடிக்கட்டை ஒன்று இருந்தது. அதைத் தாண்டினால் மூன்று வருஷம் முன் நட்ட கன்றுகள். கொளுத்தி மூன்றாம் நாள் அவள் அங்கே மண்டியிட்டுக் கையை வைத்தாள். புகை இல்லை, வாசனை இல்லை. தாளில் 'அணைந்தது' என்று எழுதினாள். எல்லையோரக் கட்டைக்கு அணைந்த பிறகும் ஒரு முழு டாங்கி தண்ணீர் விடுவது வழக்கம். சொட்டு குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"முழுசா விடணுமாக்கா? மேல பிளாக்குக்கும் வேணும்."

"பாதி போதும். செத்துக் கிடக்கு."

நாலாம் நாள் காற்று வந்தது. வேர் வழியாக எல்லையைக் கடந்திருந்த நெருப்பு, கன்றுகளுக்கு நடுவில் எழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. இடுப்பு உயரம் வளர்ந்திருந்த ஆயிரக்கணக்கான கன்றுகள் ஒரு மத்தியானத்தில் கரிக்குச்சிகளாகிவிட்டன.

இரண்டு நாள் கழித்து ரேஞ்சர் மேடம் எல்லோரையும் அந்தக் கட்டையைச் சுற்றி நிற்க வைத்தார். சின்ன வயதுக்காரர், குரலை உயர்த்தாமலே திட்டத் தெரிந்தவர். கையில் லாரியின் தண்ணீர் நோட்டு.

"முழு டாங்கி விடணும். அரை டாங்கின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஏன்?"

சொட்டு ஒரு நொடி அக்காவைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

"தப்புதான் மேடம்."

"பேருக்கு ஏத்த மாதிரி நடந்துக்கிட்டான்" என்று பின்னாலிருந்து ஒருவன் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

"தப்பு உங்களோடதுன்னு எழுதிக் கொடுத்துட்டு லாரிச் சாவியை ஆபீஸ்ல ஒப்படைச்சிடுங்க" என்றார் ரேஞ்சர். "அக்கா, கிளம்புறதுக்கு முன்னாடி ஒருதடவை கை வச்சுப் பார்த்துடுங்க. இப்பவாவது முழுசா அணைஞ்சுதா?"

அவள் குனிந்தாள். கையுறையைக் கழற்றினாள். சாம்பலை விலக்கிப் புறங்கையை வேரின் மடிப்பில் வைத்தாள். ஒன்றுமில்லை. பதினாலு மாதமாக இருந்த அதே ஒன்றுமில்லை. சுற்றி நின்றவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் வண்டி ஏறலாம். சொட்டு தாளில் கையெழுத்துப் போடுவான்.

அவள் கையை எடுக்கவில்லை.

"சொட்டு, இங்க வா. என் கைக்குப் பக்கத்துல உன் கையை வை."

"நானா? எனக்கு என்னக்கா தெரியும்?"

"வைடா."

அவன் குந்தி உட்கார்ந்து கையை வைத்தான். வைத்த வேகத்தில் உதறிக்கொண்டு எழுந்தான்.

"அய்யோ! நெருப்பா கொதிக்குது... அக்கா, கையை எடுங்க! எடுங்கக்கா!"

அவனே அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். புறங்கை சிவந்து, ஒரு பக்கம் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. ரேஞ்சர் அந்தக் கையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வலிக்கலையா?"

"இல்ல மேடம். ரெண்டு கையும்தான்."

"எத்தனை நாளா?"

"பதினாலு மாசம். பாதி போதும்னு அவன்கிட்ட சொன்னதும் நான்தான்."

சொல்லிவிட்டால் நெஞ்சில் ஏதாவது இறங்கும், இல்லை ஏறும் என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. ரேஞ்சர் தண்ணீர் நோட்டை மூடி, பையிலிருந்து வேறு தாளை எடுத்தார்.

"இந்த சீசன்ல நீங்க கை வச்ச பிளாக் எத்தனை?"

"இருபத்தி மூணு."

"எந்தெந்தக் கட்டைன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நான்காம் பிளாக்கில் ஓடையோரம் இரண்டு, ஒன்பதில் பிளந்த கட்டை, பன்னிரண்டில் பாறைக்கு மேல் ஒன்று என்று அவள் வரிசையாகச் சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. ரேஞ்சர் எழுதினார். எழுதி முடிப்பதற்குள் இரண்டு பேர் நான்காம் பிளாக்குக்கு ஓடியிருந்தார்கள். சாவியைப் பற்றி மறுபடி யாரும் பேசவில்லை. நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்பதையும் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொட்டு இந்தமுறை குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். கட்டையிலிருந்து ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. டாங்கி காலியாகும் முன் ஒரு வாளி நிறையப் பிடித்து வந்து, லாரியின் படியில் உட்கார்ந்திருந்த அக்காவின் முன்னால் வைத்து, அவள் கையை எடுத்து உள்ளே விட்டான். வாளி வழிந்தது. அவன் கணக்குப் பார்க்கவில்லை.

"தண்ணி சில்லுன்னு இருக்காக்கா?"

அவள் வாளியைப் பார்த்தாள்.

"நீ சொல்லு" என்றாள்.