வூடு வந்துடுச்சி, எறங்கு

காசி போய்ட்டான். போளூர் மெக்கானிக் காசி. நேற்று...

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் பூங்கொடி போனில் அடித்துப் போடுகிறாள்.

அந்தப் பெரிய மழை வருஷம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். சாமை கதிரிலேயே முளைத்துப் போனது. அமிர்தி ரோடு சரிந்து, பஸ் பாதி மலையோடு திரும்பிப் போனது. அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரி சின்னப்பாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியில் உயிரை விட்டாள். என் கார் பின் சீட்டிலேயே.

நாங்கள் இறங்கிய பிறகு பின்னால் ரோடு சரிந்துவிட்டது. உடலை மேலே ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. அமிர்தி பக்கம் அவள் அம்மா ஊரிலேயே அடக்கம்.

ரோடு சரியானதும் காரை நான் மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பின் சீட்டு ஸ்பிரிங் முனகியது. ஆள் உட்கார்ந்தால்தான் முனகும் சீட்டு அது... நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. புளிக் கொட்டகையில் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடினேன். அதோடு சரி.

பல வருஷம் கழித்து பூங்கொடி பிரசவத்துக்கு வந்தாள். வலி எடுத்தால் பஸ்ஸை நம்ப முடியுமா? இருந்தது அந்தக் கார்தான். அதே பின் சீட்டு.

காசியைக் கூப்பிட்டேன். என்ஜின் மூடியைத் திறந்ததும் ஆரம்பித்தான். "இன்னா மாமா, எலிக்கு வாடகைக்கு வுட்டுட்டீங்களா? குடும்பமே குந்தினு இருக்குது."

டேங்க்கைக் கழற்றினால் பெட்ரோல் என்ற பெயரில் ஏதோ கஷாயம். கழுவி மாட்டினான். பிளக்குகளை எடுத்துவிட்டு, ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆயில் விட்டு ராத்திரி பூரா ஊறவைத்தான்.

"எடுத்தவுடனே செல்ஃப் அடிச்சா உள்ள கீறிடும் மாமா. மெள்ள எழுப்பணும்."

மறுநாள் ஹேண்டில் போட்டு என்ஜினைக் கையாலேயே சுற்றினான். சுற்றியது. புது பேட்டரி வைத்தான், பிரேக் ஆயில் மாற்றினான்.

சாப்பிடும்போது எங்கள் ஊர் வழக்கத்தைக் கிண்டல் செய்தான். புதுப்பெண்ணோ, நோயாளியோ, பிணமோ, வண்டியில் யார் வந்தாலும் வீட்டு ஆள் கதவைத் திறந்து "வூடு வந்துடுச்சி, எறங்கு" என்று சொல்ல வேண்டும்.

"சொல்லலன்னா இன்னா மாமா, உள்ளயே இருந்துடுவாங்களா?"

நான் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் நின்றுபோனது.

சாப்பிட்டுவிட்டு செல்ஃப் அடித்தான். என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெட்ரோல் வருகிறது. பிளக்கில் நெருப்பு வருகிறது. பிடிக்கவில்லை. வாசலில் பூங்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்...

காசி ஸ்பேனரைக் கீழே வைத்தான். "மாமா... அன்னிக்கு அக்காவ யாராச்சும் எறங்கச் சொன்னீங்களா?"

யார் சொல்வது? கார் காலியாகத்தானே வந்தது.

"இப்ப சொல்லுங்க."

நான் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தேன்.

அவனே கையைக் கழுவிக்கொண்டு வந்தான். பின் கதவைத் திறந்தான். "அக்கா, வூடு வந்துடுச்சி. எறங்குக்கா." கையை நீட்டியபடி நின்றான். "பாத்து... கல்லு வழுக்கும்."

ஸ்பிரிங் ஒரு தரம் முனகியது. நானும் கேட்டேன், அவனும் கேட்டான்.

எந்தக் கதவையும் அறைந்து சாத்துகிறவன், அன்று சத்தமே இல்லாமல் சாத்தினான்.

அடுத்த செல்ஃபில் பிடித்தது. அந்தக் காரில்தான் பூங்கொடி போனாள். பிள்ளையோடு திரும்பி வந்தாள். வாசலில் நானே கதவைத் திறந்து இறங்கச் சொன்னேன்.

இன்று போளூர் போனேன். ஆம்புலன்ஸிலிருந்து காசியை எடுத்து உள்ளே கிடத்தியிருந்தார்கள். கீழ்ப்பக்கத்து ஜனங்கள், இந்த வழக்கம் யாருக்கும் தெரியாது. அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை என்றும் யாரும் இல்லை. வண்டி கிளம்பப் பார்த்தது.

"கொஞ்சம் இருப்பா" என்று பின் கதவைத் திறக்கவைத்தேன்.

"மச்சான், வூடு வந்துடுச்சி. எறங்குடா."

கையை நீட்டிக்கொண்டு நின்றேன். டிரைவர் ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும்.

நல்லபடியா போய்ச் சேருடா காசி...

சின்னப்பாப்பா இல்லை. நீயும் இல்லை. அன்று அங்கே இருந்தவர்களில் என்னை எறங்கச் சொல்ல இனி இருக்கிறவள், இதை அடித்துக்கொண்டிருக்கிற பூங்கொடி.