மூடக் கூடாத கதவு

மூன்று வருஷமாகத் தனபாலுக்குப் பத்ரிநாத் மேல் ஒரே குறைதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் அவர் வீட்டு நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்துவிட்டு, வேலிக்கதவைத் தாழிட்டுப் போவார் தனபால். மறுமுறை வந்தால் கதவு திறந்தபடியே கயிற்றால் கட்டப்பட்டிருக்கும்.

பத்ரிநாத் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய ஆள். அவருக்கும் மனைவி ஷோபாவுக்கும் ஒன்பது வருஷம் குழந்தையில்லை. ஈசானிய மூலையிலிருக்கும் அந்தக் கதவை மூடவே கூடாதென்றார் ஒரு வாஸ்துக்காரர். அடுத்த வருஷமே ஸ்னேஹா பிறந்தாள். அதிலிருந்து கதவுதான் அவருக்குச் சாமி. எட்டாவதோடு நின்ற தனபால் அவருக்கு என்னத்தைச் சொல்ல?

"சாமிக்குத் தாப்பா தொறக்கத் தெரியாதா சார்? பாப்பா ஓட ஆரம்பிச்சிடுச்சு."

"நீங்க தண்ணிய மட்டும் பாருங்கோ தனபால்."

நேற்று பத்ரிநாத் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, குழந்தை அந்தக் கதவு வழியாகப் போய்க் குளத்தில் விழுந்துவிட்டது. குப்பை அள்ளும் வலையைக் கீழே போட்டுவிட்டுக் குதித்துத் தூக்கியவர் தனபால்தான். குழந்தை இருமி அழுத பிறகு, பத்ரிநாத்தை வாய்க்கு வந்தபடி ஏசினார். பத்ரிநாத் போய்க் கதவுக் கயிற்றை அவிழ்த்தார்.

"ஒரு பூட்டு வாங்கிண்டு வாங்கோ. சாவி ஷோபாகிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் தரவேண்டாம்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கோ."